பக்கத்தில் ஒருத்தி

உறவில் யாருக்காவது குழந்தை பிறந்ததென்று சேதி வந்தால் முதலில் 'என்ன குழந்தை?' என்று கேட்கிறோம். அடுத்த மூச்சிலேயே 'நார்மலா, ஆபரேஷனா?' என்கிறோம். என் அம்மா காலத்தில் 'தாயும் பிள்ளையும் நல்லாருக்காங்களா?' என்றுதான் முதலில் கேட்பார்கள். பதில் வரும்வரை கேட்டவரின் முகத்தில் ஈயாடாது. அந்தப் பயம் இன்று பெருமளவு விலகிவிட்டது. அதற்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். ஆனால் அதன் இடத்தில் இன்னொரு பயம் வந்து உட்கார்ந்திருக்கிறது. கல்யாணமாகி ஆறு மாதம் ஆகாத பெண்கூட, 'என்னால வலியெல்லாம் தாங்க முடியாது பெரியம்மா, நேரா ஆபரேஷனே பண்ணிக்கிறேன்' என்கிறாள்.

காவிரியின் கடைமடைக் கிராமங்களில் சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். குடிசையிலும் பிரசவம் பார்த்திருக்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பார்த்திருக்கிறேன். பெரியாஸ்பத்திரிக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு, நாடியைப் பிடித்தபடியே கூடப் போயும் இருக்கிறேன். இத்தனையும் பார்த்தபின் இளம்பெண்களுக்கும், அவர்களின் அம்மா, மாமியார், கணவன்மாருக்கும் நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். வலி எடுத்த பெண்ணுக்கு, விஷயம் தெரிந்த, பொறுமையுள்ள ஒருத்தி கடைசிவரை பக்கத்தில் இருக்க வேண்டும். அப்படி ஒருத்தி இருந்துவிட்டால் பிரசவத்தின் பாதி பாரம் இறங்கிவிடும்.

இதை எனக்குப் பாடப் புத்தகத்துக்கு முன்பே கற்றுக்கொடுத்தவர் ஒரு மருத்துவச்சி. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பாதிக்கு மேல் வீட்டுப் பிரசவங்கள்தான். ஊரே அவரை 'ஆயா' என்றுதான் கூப்பிடும். எழுதப் படிக்கத் தெரியாதவர். அரசாங்கம் நடத்திய மருத்துவச்சிப் பயிற்சிக்கு வந்து, ஐந்து சுத்தங்களையும் மனப்பாடமாகச் சொல்வார்: கை சுத்தம், படுக்கும் இடம் சுத்தம், பிளேடு சுத்தம், கொடியைக் கட்டும் நூல் சுத்தம், வெட்டிய கொடி சுத்தம்.

ஆயா ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் பெண்ணின் வயிற்றைத் தொட மாட்டார். முதலில் முகத்தைப் பார்ப்பார். கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து, சீரகம் தட்டிப்போட்டுக் கஷாயம் வைக்கச் சொல்வார். 'சூட்டு வலின்னா இதுல அடங்கிடும். பேறுகால வலின்னா விட்டு விட்டு ஏறிக்கிட்டே போகும்' என்பார். வலி ஏறுகிறதென்று தெரிந்தால் பெண்ணைப் படுக்க விட மாட்டார். கூடத்தில் நடக்கச் சொல்வார். உத்திரத்தில் ஒரு கயிறு தொங்கும். வலி வரும்போது அதைப் பிடித்துக்கொண்டு கால்களை அகட்டி, முன்னால் சாய்ந்து நிற்கச் சொல்வார். குறுக்கில் உள்ளங்கையை அழுத்தி வைத்திருப்பார். வலி ஏறும்போது ஒரு வார்த்தை பேச மாட்டார். வலி விட்டதும் பேசுவார்: அவள் நட்ட கத்தரிச் செடியைப் பற்றி, மூத்த பிள்ளையின் சேட்டையைப் பற்றி. இடையிடையே ஒரு வாய் கஞ்சித் தண்ணீர். வாசலில் நின்று 'இன்னும் ஆவலையா?' என்று கேட்கும் பெரியவர்களுக்கு, 'ஆவும்போது ஆவும், போய்க் கயித்துக் கட்டில்ல படுங்க' என்று பதில் சொல்லி அனுப்பிவிடுவார்.

தலை தட்டும் நேரம் வந்ததும் அவர் குரலே மாறும். 'முக்காதே, முக்காதே, வாயால ஊது' என்பார். அந்த நேரத்தில் அவசரப்பட்டு முக்கினால் சதை கிழியும். ஊதி ஊதிக் கொடுத்தால் தலை மெல்ல வழி விரித்துக்கொண்டு வரும். பிள்ளை வந்ததும் துடைத்துத் தாயின் மார்மேல் போட்டுவிடுவார். கொடியில் துடிப்பு நிற்கும்வரை அதை வெட்டவிட மாட்டார். வீட்டிலுள்ளவர்கள் குலவை போட்டு, சர்க்கரை வழங்க ஓடுவார்கள். ஆயா மட்டும் அசைய மாட்டார். 'நஞ்சு விழுந்து, உதிரம் அடங்குற வரைக்கும் பேறுகாலம் முடியலம்மா' என்று என்னிடம் சொல்வார். நஞ்சுக்கொடியைப் பிடித்து இழுக்க மாட்டார். வயிற்றில் கைவைத்து, கர்ப்பப்பை கல்போல இறுகுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்.

பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டபோது, அவர் செய்ததில் பலவற்றுக்கும் காரணம் கிடைத்தது. கர்ப்பப்பையைச் சுருங்க வைப்பது ஆக்ஸிடோசின் என்கிற ஹார்மோன். பெண் பயப்படும்போது சுரக்கிற அட்ரினலின் அதற்கு முட்டுக்கட்டை போடும். தெரியாத இடம், கடுகடுத்த குரல், கண்ணைக் கூசும் விளக்கு, நாலு பேர் பார்க்க உடை விலகிக் கிடக்கும் கூச்சம், எல்லாமே வலியைக் கூட்டி, பிரசவத்தை நீட்டிவிடும். தெரிந்த முகம், இதமான குரல், நடக்கவும் குந்தவும் விட்ட உடம்பு, இவையெல்லாம் பிரசவத்தை இலகுவாக்கும். நிமிர்ந்து நடக்கையில் குழந்தையின் எடையே கீழ்நோக்கி அழுத்தி வழியைத் திறக்கிறது. மல்லாந்து படுக்கும்போது அந்த உதவி போய்விடுகிறது. கர்ப்பப்பை பெரிய ரத்தக் குழாய்களின் மேல் அழுத்தவும் செய்கிறது. துடிப்பு அடங்கும்வரை கொடியை விட்டுவைத்தால், நஞ்சில் தங்கியிருக்கும் ரத்தம் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்து, பின்னாளில் ரத்தசோகை வராமல் காக்கிறது.

உலக சுகாதார அமைப்பு 2018-ல் பிரசவப் பராமரிப்புக்கான பரிந்துரைகளை வெளியிட்டது. அவற்றைப் படித்தபோது பல இடங்களில் ஆயாவின் குரல்தான் எனக்குக் கேட்டது. பெண் விரும்பும் துணை கூடவே இருக்க வேண்டும். சிக்கலில்லாத பிரசவத்தில் எழுந்து நடக்கவும் விருப்பப்பட்ட நிலையில் இருக்கவும் விட வேண்டும். எல்லோருக்கும் வழக்கமாக எனிமா கொடுப்பதும், முடி மழிப்பதும், பிறப்பு வழியைக் கத்தரித்துத் தையல் போடுவதும் வேண்டாம். ஒரு நிமிடத்துக்கு முன்னால் கொடியைக் கட்ட வேண்டாம். பிறந்ததும் பிள்ளையைத் தாயின் வெறும் மார்மேல் போட வேண்டும். கர்ப்பப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்தபின்தான் தீவிர வலிக்கட்டம் தொடங்குகிறது என்றும், அங்கிருந்து தலைச்சன் பிரசவத்தில் பொதுவாக 12 மணி நேரம்வரை ஆகலாம் என்றும் அது சொல்கிறது. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று எல்லாப் பெண்களையும் ஒரே அளவுகோலில் அளந்து அவசரப்படுத்தக் கூடாதென்பதையும் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள்.

ஆயாக்களைப் புகழ்கிற நாம், அவர்களை எப்படி நடத்தினோம் என்பதையும் மறக்கக் கூடாது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் மருத்துவம் பார்த்த பெண்களில் பெரும்பாலோர் மருத்துவர் சாதியையும் தாழ்த்தப்பட்ட சாதிகளையும் சேர்ந்தவர்கள். பெரிய வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் இந்த உலகத்துக்கு வாங்கிக் கொடுத்த கைக்கு, அதே வீட்டுத் திண்ணையில் உட்கார இடம் கிடையாது. கொல்லைப்புறமாக வந்து கொல்லைப்புறமாகவே போக வேண்டும். கூலி ஒரு மரக்கால் நெல், ஒரு பழைய சேலை, வெற்றிலை பாக்கு. ரத்தமும் நஞ்சும் தொடுகிற வேலை தீட்டு என்று ஒதுக்கி வைத்தோம். அந்த அறிவை எழுதி வைக்கவில்லை. அவர்கள் பெண்களைப் படிக்க வைத்து அதை வளர்க்கவுமில்லை. தங்கள் மகள்கள் இந்த வேலைக்கு வர வேண்டாமென்று அவர்களே முடிவெடுத்தால், அதில் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

அந்தக் காலத்துப் பிரசவம் எல்லாமே சுகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் நடந்ததை வேலூர்க்காரர்கள் இன்றும் சொல்வார்கள். அமெரிக்காவிலிருந்து வந்திருந்த இளம்பெண் ஐடா ஸ்கடரின் வீட்டுக் கதவை ஒருவர் பின் ஒருவராக மூன்று கணவன்மார் தட்டினார்கள். மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது, வந்து உதவ வேண்டும் என்று கேட்டார்கள். ஐடாவின் தகப்பனார் மருத்துவர். ஆனால் ஆண் மருத்துவர் தொடுவதை அந்த வீடுகள் ஏற்கவில்லை. ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அந்த இரவுதான் அவரை மருத்துவம் படிக்க அனுப்பியது. 1900-ல் திரும்பி வந்து அவர் தொடங்கிய பணிதான் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து நிற்கிறது.

குழந்தை குறுக்கே கிடந்தால், நஞ்சு கர்ப்பப்பை வாயை மூடியிருந்தால், தலைக்கு முன் கொடி நழுவி வந்துவிட்டால், எந்தக் கைராசியும் உதவாது. அங்கே கத்திதான் தெய்வம். துருப்பிடித்த அரிவாளால் கொடியை அறுத்து, அதில் சாம்பலைத் தடவி, ஜன்னி கண்டு போன பிள்ளைகள் எத்தனையோ. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சர்க்கரைத் தண்ணீரைச் சேனையாக வைத்ததையும் நம் வீடுகளில் பார்த்தவர்கள்தானே நாம்! மருத்துவமனைப் பிரசவம் இந்த ஊரில் எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு எத்தனை தாய்மார் இறக்கிறார்கள் என்று கணக்கெடுப்பார்கள். 2018-20 கணக்கின்படி அது இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. இந்த எண் இறங்கியதில் கிராமச் செவிலியர்களின் நடைக்கும், இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும், 108 வண்டிக்கும் பங்குண்டு.

அதனால்தான் 'இயற்கைப் பிரசவம்' என்ற பேரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பெற்றுக்கொள்கிறோம் என்று கிளம்புகிறவர்களை நினைத்தால் என் நெஞ்சு பதறுகிறது. 2018-ல் திருப்பூரில் அப்படி முயன்றதில் ஓர் இளம் தாய் உதிரப் போக்கில் இறந்துபோனார். பிரசவத்துக்குப் பின் பெருகும் உதிரம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் உயிரைக் குடித்துவிடும். பயிற்சி பெற்ற கையும், ஊசி மருந்தும், ரத்தமும், வண்டியும் இல்லாத வீட்டில் அதைத் தடுக்க வழியில்லை. ஆயாகூட அந்தத் துணிச்சலைக் காட்டியதில்லை. பனிக்குடம் உடைந்து வரும் நீர் பச்சையாக இருந்தாலும், வலி எடுத்தும் தலை இறங்காமல் நின்றாலும், 'இது என் கைக்கு மீறினது, வண்டி கட்டு' என்று முதல் ஆளாகச் சொல்வது அவர்தான். தன் கைக்கு எட்டாததைத் தெரிந்து வைத்திருந்ததால்தான் அவர் பெரிய மருத்துவச்சி.

இப்போது மறுகரைக்கு வந்து நிற்கிறோம். தேசிய குடும்ப நல ஆய்வு 2019-21-ல் எடுத்த கணக்கின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் 45 அறுவை சிகிச்சை. அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் 64. அதற்கு முந்தைய ஆய்வில் மாநிலக் கணக்கு 34-ஆக இருந்தது. நாடு முழுவதும் எடுத்தால் 21.5தான். ஒரு நாட்டில் 100-க்கு 10 வரை அறுவை சிகிச்சை கூடும்போது தாய், சேய் மரணங்கள் குறைகின்றன, அதற்கு மேல் போவதால் மரணம் குறைவதில்லை என்று உலக சுகாதார அமைப்பு 2015-ல் சொல்லியிருக்கிறது.

இதற்கு டாக்டர்களை மட்டும் குற்றம் சொல்ல நான் வரவில்லை. தாமதமான கல்யாணம், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, உடல் எடை, எல்லாம் கூடியிருக்கிறது. ஏதாவது ஆகிவிட்டால் ஆஸ்பத்திரிக் கண்ணாடியை உடைக்க உறவினர் கூட்டம் தயாராக நிற்கிறது. காத்திருக்கும் துணிச்சல் டாக்டருக்கு எங்கிருந்து வரும்? முதல் பிரசவம் அறுவை என்றால் இரண்டாவதும் பெரும்பாலும் அறுவையாகவே முடிகிறது. நம் வீடுகளின் பங்கும் பெரிது. ஜோசியரிடம் நட்சத்திரம் குறித்து வாங்கிக்கொண்டு வந்து, 'காலையில பத்தரைக்குள்ள எடுத்துடுங்க' என்று டாக்டரிடம் நிற்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். பிள்ளைக்கு மூச்சுப்பை முதிர அந்தக் கடைசி வாரங்கள் எவ்வளவு முக்கியம் என்று அந்த ஜாதகத்தில் எழுதியிருக்காது. ஒவ்வொரு அறுவைக்குப் பிறகும் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு பழைய தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து கூடுகிறது என்பதையும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, வலி எடுத்த பெண் இன்று தனியாக இருக்கிறாள். வராண்டாவில் பத்துப் பேர் நிற்பார்கள். உள்ளே கட்டிலில் அவள் ஒருத்தி. ஒரே நேரத்தில் பல பேரைப் பார்க்கும் நர்ஸ் ஓடிக்கொண்டே இருப்பார். சில இடங்களில் 'அப்ப நல்லாருந்துச்சா, இப்ப கத்துறியே' என்று ஏசும் வார்த்தைகளும் காதில் விழும். அப்படி ஒரு வார்த்தை விழுந்தபின் எந்தப் பெண்ணின் உடம்பு திறந்துகொடுக்கும்? 'எப்படியாவது எடுத்துடுங்க' என்று அவளே கெஞ்சுவதில் ஆச்சரியம் என்ன?

திருச்சி மலைக்கோட்டையில் கோயில் கொண்டிருக்கும் ஈசனுக்குத் தாயுமானவர் என்று பெயர் வந்த கதையை நம் பெண்கள் அறிவார்கள். ரத்தினாவதி என்கிற பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டது. பேறுகாலம் பார்க்க வர வேண்டிய அம்மா காவிரியின் அக்கரையில், வெள்ளத்தால் தடுக்கப்பட்டு நிற்கிறாள். இறைவன் அந்த அம்மாவின் உருவில் வந்து மகளுக்குப் பிரசவம் பார்த்தார் என்கிறது தலபுராணம். நினைத்த மாத்திரத்தில் வலியைப் போக்கியிருக்கலாம், வெள்ளத்தை வற்றவைத்திருக்கலாம். அவர் அம்மாவாக வந்து பக்கத்தில் இருந்தார். இன்றும் சுகப்பிரசவம் ஆக வேண்டுமென்று அந்தச் சன்னதியில் வாழைத்தார் வைத்து வேண்டிக்கொள்கிறோம். அவர் செய்ததை நம் மருத்துவமனைகளும் செய்ய முடியும். பிரசவ அறையில் கூட ஒரு பெண் துணை இருக்கலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016-லேயே அரசு மருத்துவமனைகளுக்கு வழி திறந்துவிட்டது. தொடர்ச்சியான துணை கிடைத்த பெண்களுக்கு அறுவை சிகிச்சை குறைகிறது, வலிக்காலமும் சற்றுக் குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

அம்மாவோ அக்காவோ தரும் ஆறுதலோடு, படித்த மருத்துவச்சியின் கையும் வேண்டும். நமக்கு இது புதிதல்ல. 1854-லேயே சென்னையில் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. இங்கிலாந்திலும் ஸ்வீடனிலும் நெதர்லாந்திலும் சிக்கலில்லாத பிரசவத்தை இன்றும் மிட்வைஃப்தான் பார்க்கிறார்; சிக்கல் வந்தால்தான் டாக்டர். 2017-ல் தெலங்கானா அரசும் யுனிசெஃபும் ஹைதராபாத் ஃபெர்னாண்டஸ் மருத்துவமனையும் சேர்ந்து நர்சுகளுக்கு இந்தப் பயிற்சியைத் தொடங்கின. மறு ஆண்டே மத்திய அரசு நாடு முழுவதற்கும் வழிகாட்டுதல் வெளியிட்டது. நர்சிங் முடித்தவர்கள் 18 மாதம் கூடுதலாகப் படித்து, மருத்துவமனைக்குள்ளேயே தனிப் பிரிவில் சிக்கலில்லாத பிரசவங்களைப் பார்ப்பார்கள். அடுத்த அறையில் டாக்டரும் அறுவை அரங்கும் தயாராக இருக்கும். ஆயாவின் பொறுமையும் ஐடா ஸ்கடரின் கல்வியும் ஒரே கூரைக்கடியில் சேரும் ஏற்பாடு இது. தமிழ்நாட்டின் ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் இந்தப் பிரிவு வர வேண்டும் என்பது என் ஆசை.

பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களே, உங்களுக்குச் சில வார்த்தை. ஏழாம் மாதத்திலேயே பிரசவ அறையை ஒருமுறை போய்ப் பாருங்கள். டாக்டரிடம், 'வலி எடுத்தபின் நடக்க விடுவீர்களா, என் கூட ஒருவர் இருக்கலாமா, அறுவை வேண்டுமென்றால் காரணத்தை எனக்குச் சொல்வீர்களா?' என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார். தினமும் நடங்கள். இரும்பு மாத்திரையைத் தவறவிடாதீர்கள். உதிரம் பட்டாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். வலியைக் குறைக்க மருந்து கேட்பதும், வேண்டிய நேரத்தில் அறுவைக்குச் சம்மதிப்பதும் தோல்வி ஆகாது. வயிற்றில் தழும்போடு பிள்ளையைத் தூக்கி வருகிற தாய் எந்த விதத்திலும் குறைந்தவளில்லை. அவளிடம் 'நார்மலா?' என்று கேட்டு மனதைப் புண்படுத்தும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுவோம்.

மாமியார்களுக்கும் கணவன்மார்களுக்கும்: பிரசவ நேரத்தில் போனை அணைத்து வையுங்கள். நட்சத்திரத்தை மறந்துவிடுங்கள். டாக்டரை அவசரப்படுத்தாதீர்கள், ஆபத்து என்று அவர் சொல்லும்போது தாமதப்படுத்தவும் செய்யாதீர்கள்.

பிரசவ அறை எனக்குச் சொல்லிக்கொடுத்தது வாழ்க்கை முழுதுக்கும் பொருந்துவதைப் பார்க்கிறேன். நாற்றைப் பிடித்து இழுத்து வளர்க்க முடியாது. பிள்ளையின் படிப்பும், வேலை தேடி அலையும் மகனின் தவிப்பும், கணவனை இழந்த மகளின் துக்கமும் அவையவை தம் நேரத்தை எடுத்துக்கொண்டே தீரும். அவர்களுக்காக அந்த வலியை நாம் வாங்கிக்கொள்ள முடியாது. சீக்கிரம் முடித்து வைக்கவும் முடியாது. பக்கத்தில் இருக்கலாம். வலி ஏறும்போது உபதேசம் பண்ணாமல் இருக்கலாம். கண்ணை எடுக்காமல் கவனித்து, நம் கைக்கு மீறியது என்று தெரிந்த நொடியில் தெரிந்தவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். வயதானவர்களாகிய நமக்கு நேரம் இருக்கிறது, பொறுமையும் இருக்கிறது. உங்கள் தெருவில் அடுத்து ஒரு பெண்ணுக்கு நாள் நெருங்கும்போது, அவள் வீட்டுக்குப் போய், 'உனக்கு வலி எடுத்தா ராத்திரி எந்நேரமானாலும் என்னைக் கூப்பிடு, நான் கூட வரேன்' என்று சொல்லிவிட்டு வாருங்கள். சொன்னபடி போகவும் செய்யுங்கள்.